முடியாதுன்னு சொன்னவனுக்கு அபராதம்

— மறுபடியும் முதல்லேர்ந்து சொல்லு ஆர்லோ. நான் முடியாதுன்னுதானே சொன்னேன்? அதுக்கா அபராதம்?

— இன்னும் எத்தனை தடவைடா சொல்றது வெண்டல்? முடியாதுன்னு சொன்னதுக்கு இல்ல. அவங்க உன்கிட்ட கேட்டாங்கன்னு வாஷிங்டனுக்கு எழுதிப் போடாததுக்கு.

— அதான்டா மண்டையில ஏற மாட்டேங்குது. நம்ம வால்வை வாங்குற வளைகுடாக்காரன், 'இதுல இஸ்ரேல் சாமான் ஒண்ணும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடு'ன்னு கேக்குறான். குடுக்கக் கூடாதுங்குது நம்ம சட்டம். நான் குடுக்கல. 'இது ஓஹையோவுல செஞ்சது, வேணும்னா வாங்கு, இல்லாட்டி போ'ன்னுட்டேன். யோக்கியமா இருந்தவனைப் பிடிச்சு உதைக்கிறீங்களே.

— இஸ்ரேல் சாமானை அவன் புறக்கணிக்கிறதுக்கு நீ ஒத்துப் போகக் கூடாதுங்கிறது சட்டத்துல பாதி. எவன் கேட்டாலும், கேட்டான்னு சொல்லியாகணும்ங்கிறது மீதி. நீ பாதியை மட்டும் படிச்சிருக்க.

— நான் எதையுமே படிக்கல. நான் வால்வு செய்யறவன்.

— அது தெரியுது.

— வாசல்ல ஒருத்தன் வந்து, பக்கத்து வீட்டுல திருடலாம் வான்னு கூப்பிடுறான். போடான்னு கதவைச் சாத்துறேன். போலீஸ் வந்து என்னைப் பிடிக்குது. இது எந்த ஊர் நியாயம் வக்கீலே?

— வருஷக்கணக்கா வந்து கூப்பிட்டிருக்கான், நீ வாயே திறக்கலன்னா போலீஸ் என்ன நினைக்கும்? அவன் கேட்ட ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனி அபராதம்டா. பட்டறையையே வித்தாலும் கட்டி முடியாது. அதனால கத்தாம கேளு. நாமளே எல்லாத்தையும் ஒளிக்காம சொல்லிட்டா நிறையக் குறைப்பாங்க.

— சொல்றதுக்கு என்ன இருக்கு? எல்லாம் குப்பைக்குப் போயாச்சு. கண்ட கருமத்தையும் எவன் சேத்து வெப்பான்?

— அதுக்குத்தான் லோர்னா வேணும். இத்தனை வருஷமா உன் ஏற்றுமதி எல்லாம் அவ கை வழியாத்தானே போச்சு. எவன் கேட்டான், எப்பக் கேட்டான்னு அவளைத் தவிர யாரால சொல்ல முடியும்? கூப்பிடு.

— அவ இல்ல.

— சாப்பிடப் போயிருக்காளா?

— காலையிலயே அனுப்பிட்டேன்.

— எங்க?

— வீட்டுக்கு. வேலையை விட்டு. அப்படிப் பாக்காதடா. இந்த விஷயம் வாஷிங்டன் வரைக்கும் எப்படிப் போச்சு? அவன் கேட்டது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். நான் சொல்லல. மிச்சம் யாரு?

— அவளைக் கேட்டியா?

— கேட்டேன். 'நான் சொல்லல மிஸ்டர் ஹ்ருஸ்கா'ன்னா. அப்ப வேற யாருன்னேன். என்னை ஒரு பார்வை பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அதுலயே தெரியல?

— அவ புருஷன் படுக்கையில கிடக்கான். இந்தச் சம்பளத்துலதான் அந்த வீடே ஓடுது.

— அது போட்டுக் குடுக்குறப்போ ஞாபகம் இருந்திருக்கணும்.

— வெண்டல், போன மாசம் ஏற்றுமதிக்காரங்க சங்கத்துல ஒரு மதியச் சாப்பாடு நடந்துச்சே. போனியா?

— போனேனே. வாஷிங்டன்காரன் எவனோ பேசினானாம். லோர்னா முன்னாடியே போய் இடம் பிடிச்சு வெச்சிருந்தா. நான் போறப்போ பேச்சு முடிஞ்சு காபி ஊத்திக்கிட்டிருந்தாங்க.

— யாராவது ஏதாவது கேக்கணுமான்னு கேட்டப்போ எந்திரிச்சியா?

— எந்திரிச்சேன். எல்லாரும் கை தட்டினாங்க, தெரியுமா?

— என்ன பேசின?

— உள்ளதைத்தான். 'வருஷக்கணக்கா கேக்குறானுங்க, வந்ததைப் பூரா குப்பையில போட்டுட்டு என் வேலையைப் பாக்குறேன்'னு.

— அப்புறம்?

— அப்புறம் என்ன. கார்ல வர்றப்போ லோர்னா என்னமோ சொல்ல ஆரம்பிச்சா. நான் ரேடியோவைப் போட்டுட்டேன். ஏன்டா?

— அன்னைக்குப் பேச வந்தவர்தான் உன் கேஸைப் பாக்குற அதிகாரி. நேத்து போன்ல பேசினேன். உன் பக்கத்துல ஒரு அம்மா உன் கோட்டைப் பிடிச்சு இழுத்து உக்கார வைக்கப் பாத்தாங்களாம். 'அந்தம்மா முகத்துக்காகத்தான் குறைக்கலாமான்னு யோசிக்கிறேன், இன்னும் அங்கதானே இருக்காங்க?'ன்னு கேட்டார். ஆமான்னு சொல்லி வெச்சிருக்கேன்.