சிரித்தால் மட்டும் படமெடுக்கும் கேமரா

சிறிய கேமரா வாங்குவதா, பெரிய கேமரா வாங்குவதா என்று தாங்கள் என்றேனும் தடுமாற நேர்ந்தால், ஐயா, சிறியதையே வாங்குங்கள். பணிக்காலம் முழுவதும் ஒரு கேமராக் கடையின் விற்பனை மேசைக்குப் பின்னால் நின்றவன் என்னும் உரிமையில் இதைச் சொல்கிறேன். கடைக்கு வருவோர் பலரும் கையில் எடுத்துப் பார்த்தவுடன் கனமான கருவியின்மீதே ஆசைகொள்வார்கள். நான் அவர்களை அவசரப்படுத்தியதில்லை. யாரைப் படமெடுக்கப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்பேன். வீட்டிலுள்ளவர்களை என்று விடை வந்தால், சட்டைப்பைக்குள் அடங்கும் காம்பாக்ட் கேமராவே போதும் என்பேன். முதலாளிக்கு இது பிடிக்காது. "நீங்க வியாபாரம் பண்றீங்களா, இல்ல தர்மம் பண்றீங்களா?" என்று கேலி செய்வார். ஆயினும் பொய் சொல்லி நான் எதையும் விற்றவன் அல்லன். இங்கும் பொய் சொல்லப் போவதில்லை.

சிறிய கேமராவுக்கு ஒரு பெருந்தன்மை உண்டு. அருகிலிருப்பதையும் தொலைவிலிருப்பதையும் அது ஒன்றுபோலவே காட்டும். எதையும் துருவிப் பார்க்காது. தோலை வழுவழுப்பாக்கிவிடும். கன்றிய இடம் நிழல்போலத் தோன்றும். கண்கள் இரண்டு கரும்புள்ளிகளாகிவிடும். அன்றியும் அது தன் வரவை முன்கூட்டியே அறிவிக்கும் கருவி. லென்ஸ் முனகிக்கொண்டு வெளியே நீளும், விளக்கு மினுக்கும், பிறகே படம் விழும். அதற்குள் எதிரே இருப்பவர் முகத்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

மிரர்லெஸ் என்று சொல்லப்படும் தொழில்முறைக் கேமராவுக்கு இந்த நாகரிகம் இல்லை. அது ஓசையின்றி எடுக்கும். முகத்தை அன்று, முகத்திலுள்ள கண்ணைத் தேடிப் பிடிக்கும். திரையில் ஒரு சிறு பச்சைக் கட்டம் தோன்றிக் கண்மணியின்மேல் அமர்ந்துகொள்ளும். ஆள் அசைந்தால் கட்டமும் உடன் அசையும், விடாது. கடையில் முதன்முதலாக அதைக் கையிலெடுத்துக் கண்ணாடியின்முன் நின்றபோது, என் கண்ணின்மேலேயே கட்டம் வந்து அமர்ந்தது. கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சுவிடுவதுபோல் இருந்தது எனக்கு. உடனே அணைத்துவிட்டேன். அஞ்சினேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஓய்வு பெற்றபோது முதலாளி ஒரு காம்பாக்ட் கேமராவைப் பரிசாகக் கொடுத்தார். அதில் ஒரு வசதி இருந்தது. அதனை முடுக்கிவிட்டால், பொத்தானை நாம் அழுத்த வேண்டுவதில்லை. எதிரேயுள்ளவர் எப்போது சிரிக்கிறாரோ அப்போது கேமரா தானே படமெடுத்துக்கொள்ளும். சிரிக்கும்வரை காத்திருக்கும். அதற்கு எவ்வளவு பொறுமை உண்டோ அவ்வளவு எனக்கும் உண்டு.

என் மனைவியைப் பற்றித்தான் தாங்கள் கேட்கிறீர்கள். வருகிறேன்.

அவள் மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த செய்தியைத் தாங்கள் முன்னரே அறிவீர்கள். அன்று அவள் ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு தன் தம்பி வீட்டுக்குப் புறப்பட்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். பிடித்திருந்ததனால்தான் விழுந்தாள் என்று சிலர் பேசிக்கொண்டார்களாம். நான் அவ்வாறு கருதவில்லை. அதன்பின் அவளால் தனியே படியிறங்க முடியவில்லை. ஆகவே வாயிற்கதவைப் பூட்டிச் சாவியை என் பையில் வைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. விழுந்தவளை மீண்டும் விழவிடுவது பொறுப்புள்ள கணவன் செய்யும் செயலன்று.

தம்பிக்குத்தான் பொறுமையில்லை. பின்னர் வேலைக்காக வெளிநாடு போய்விட்டவன், அங்கிருந்து அடிக்கடி தொலைபேசியில் அழைப்பான். "அக்காகிட்ட ஒரு நிமிஷம் குடுங்க மாமா. ஏன் பேசவே மாட்டேங்கறா? என்மேல ஏதாவது கோபமா?" என்பான். அவள் தூங்குகிறாள் என்பேன். குளிக்கிறாள் என்பேன். ஒருநாள், "எங்க அக்கா என்ன மீனா மாமா, எப்பக் கேட்டாலும் தண்ணிலயே இருக்கா?" என்று கேட்டான். விளையாட்டாகச் சொன்னானா, வினையாகச் சொன்னானா என்று தெரியவில்லை. அன்றுதான் வாரந்தோறும் ஒரு படம் அனுப்புவது என்று முடிவுசெய்தேன். சிரித்த முகத்தைக் கண்டால் எவனும் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டான்.

வாரத்துக்கொரு முறை அவளைச் சன்னலருகே முதுகுத் தலையணை வைத்த நாற்காலியில் அமர்த்துவேன். கேமராவைச் சிறு முக்காலியில் பொருத்தி எதிரே வைப்பேன். படம் விழுந்த பிறகே தேநீர் என்பது ஏற்பாடு. தொடக்கத்தில் அவள் இதைப் புரிந்துகொள்ளவில்லை. அழுதாள். அழுதால் கேமரா எடுக்காது என்று எடுத்துரைத்தேன். அடிக்கவில்லை, வையவில்லை. கேமராவின் பக்கத்தில் நின்று ஆட்காட்டி விரலை உயர்த்திக் காட்டுவேன், அவ்வளவே. சில நாள்களில் தேநீர் ஆறிப்போய்விடும். மீண்டும் சுடவைக்க வேண்டியிருக்கும். சில நாள்களில் வெயில் சன்னலைவிட்டு நகர்ந்து அறை மங்கிவிடும். "என்னங்க, இடுப்பு வலிக்குதுங்க" என்பாள். சிரித்துவிடு, எழுந்துவிடலாம் என்பேன். இறுதியில் உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட்டுப் பற்கள் தெரியும். கேமரா படமெடுக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த வசதி பற்களைப் பார்க்கிறதேயன்றி மகிழ்ச்சியைப் பார்ப்பதில்லை என்பது கடையில் எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. பல்வலியோடு வந்த ஒரு வாடிக்கையாளர் முகத்தைச் சுளித்தபோதும் அது படமெடுத்திருக்கிறது, கடையே சிரித்தது. எனினும், என் மனைவிக்குப் பல்வலி இருந்ததில்லை. ஆகவே அவள் சிரித்தாள் என்றே நான் கொண்டேன். கருவிக்கு ஒருதலைச் சார்பு கிடையாதல்லவா?

தம்பியின் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். விளம்பரங்களுக்குப் படமெடுப்பது அவள் தொழில். ஓயாமல் பேசுவாள் என்பதால் குழந்தைப் பருவத்திலேயே வீட்டில் பட்டாசு என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் வேலையாக வந்தவள், முன்னறிவிப்பின்றி ஒரு நண்பகலில் கதவைத் தட்டினாள். தந்தைதான் பார்த்துவரச் சொல்லியிருக்கிறான். தோளில் அந்தப் பெரிய கேமரா தொங்கியது.

"பகல்லகூடப் பூட்டியேதான் வெச்சிருப்பீங்களா மாமா? உள்ள அப்படி என்ன புதையலா இருக்கு?" என்றாள்.

காலம் அப்படி இருக்கிறது என்றேன்.

அத்தையைக் கட்டிக்கொண்டாள். "ஏன் அத்தை இப்படி எளச்சுப்போய்ட்டீங்க? படத்துல நல்லாத்தானே இருந்தீங்க," என்றாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு, "வயசாச்சில்ல பாப்பா," என்றாள்.

பட்டாசின் கண் முக்காலியின்மேல் விழுந்தது. "அய்யய்யோ, இது மியூசியத்துல இருக்க வேண்டிய பொருளாச்சே. இதுலதான் அப்பாவுக்கு எடுத்து அனுப்பறீங்களா? அதான் அத்தை மெழுகுபொம்ம மாதிரி இருக்காங்க."

இங்கேதான் நான் தவறினேன். விற்பனை மேசையின் பழக்கம் என்னை விடவில்லை. நான் பரிந்துரைத்துப் பரிந்துரைத்து விற்ற கருவியை ஒரு சிறுபெண் இகழ்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒப்பிட்டுப் பார்த்துவிடலாமா என்று கேட்டவன் நானே. அதே நாற்காலி, அதே வெளிச்சம், அதே முகம். முதலில் என்னுடையது. விரலை உயர்த்தினேன். என் மனைவி தாமதிக்கவில்லை. படம் விழுந்தது.

"பரவாயில்லயே, அதுவே எடுத்துக்குது," என்று பட்டாசு சிரித்தாள். பிறகு தன்னுடையதை எடுத்தாள்.

ஓசையே இல்லை, ஐயா. எப்போது தொடங்கினாள், எப்போது முடித்தாள் என்று எனக்கே தெரியவில்லை. என் மனைவிக்கும் தெரியவில்லை. படம் விழும் ஓசைக்காகக் காத்திருந்தாள். அந்த ஓசை வரவேயில்லை. சிரிப்பதா, வேண்டாமா என்று விளங்காமல் உதடுகளை இழுத்தாள், விட்டாள், மீண்டும் இழுத்தாள். அந்த இடைவெளிகளையெல்லாம் பெரிய கேமரா எடுத்துக்கொண்டிருந்தது.

"அத்தை, என்னப் பாருங்க. இங்க, லென்ஸப் பாருங்க," என்றாள் பட்டாசு.

என் மனைவி பார்த்தாள். பார்வை நிற்கவில்லை, மீண்டும் என் பக்கமே வந்தது.

"என்னத்தான் அத்தை, மாமாவ இல்ல."

பட்டாசு கேமராவை இறக்கிப் பின்புறத் திரையில் படங்களைத் தள்ளிப் பார்த்தாள். பேச்சு குறைந்தது. ஒரு படத்தை நிறுத்திப் பெரிதாக்கினாள். மேலும் பெரிதாக்கினாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் சென்று நின்றேன். திரை முழுவதும் என் மனைவியின் ஒற்றைக் கண் இருந்தது. இமைமயிர் தனித்தனியாகத் தெரிந்தது. கண்மணிக்குள் சன்னல் தெரிந்தது, கேமராவைப் பிடித்திருக்கும் ஒரு பெண்ணின் உருவம் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் விரலை உயர்த்தியபடி ஒரு மனிதன் நின்றிருந்தான். மிகச் சிறியவன், ஆனால் தெளிவாக இருந்தான்.

இத்தனை காலம் ஒன்றாக வாழ்ந்தும் அவள் கண்ணுக்குள் நான் எப்படி இருக்கிறேன் என்பதை அன்றுதான் கண்டேன். 

பட்டாசு திரும்பிப் பார்க்கவில்லை. நான் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய கழுத்து இறுகியதைக் கண்டேன். 

"சூப்பரா வந்திருக்கு மாமா," என்றாள். குரல் மெலிந்திருந்தது. "வண்டில இன்னொரு லென்ஸ் இருக்கு. எடுத்துட்டு வந்துடறேன். அத்தை, நீங்களும் வாங்களேன். என் தோளப் பிடிச்சுக்கிட்டு மெதுவா எறங்கிடலாம்."

அவளால் படியிறங்க முடியாது என்றேன்.

"இல்ல மாமா, நான் பிடிச்சுக்கறேன்."

முடியாது என்று மறுபடியும் சொன்னேன். உரக்கச் சொல்லவில்லை.

அப்போது என் மனைவி பேசினாள். "நீ போய்ட்டு வா பாப்பா. சீக்கிரம் வந்துடு." அவள் தானாக அவ்வளவு பேசி நெடுநாளாகியிருந்தது.

சாவியை ஏன் கொடுத்தீர் என்று தாங்கள் கேட்கலாம். பட்டாசு தன் கேமராவை மேசைமேல் வைத்துவிட்டு, "இது இங்கயே இருக்கட்டும், கைய வீசிட்டுப் போயிட்டு வந்துடறேன்," என்றாள். அத்தகைய கருவியை எவரும் விட்டுவிட்டு ஓடிப்போனதை நான் கண்டதில்லை. நம்பிவிட்டேன். படங்கள் பதியும் நினைவட்டையை அதற்கு முன்பே கழற்றி உள்ளங்கையில் மறைத்துக்கொண்டாள் என்பது தாங்கள் அந்தப் படத்தை என்முன் வைத்த பிறகே எனக்குத் தெரிந்தது. கெட்டிக்காரப் பெண். அச்சத்திலும் கை தவறவில்லை.

அவள் படியில் நடந்து இறங்கவில்லை, ஓடினாள். அந்த ஓசையிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உள்தாழ்ப்பாளைப் போட்டேன். அவள் தனியே திரும்பப் போவதில்லை; இந்த வீட்டில் இனி நான் மட்டுமே இருக்கப் போகிறேன் என்று எண்ணினேன். கதவில் சாய்ந்துகொண்டேன்.

அறைக்குள் படம் விழும் ஓசை கேட்டது.

நான் விரலை உயர்த்தியிருக்கவில்லை. அறையிலேயே இல்லை. உள்ளே சென்று பார்த்தேன். என் மனைவி சன்னல்வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டாசு தெருவை அடைந்துவிட்டாள் போலும். முக்காலியிலிருந்த சிறிய கேமராவை நான் அணைக்க மறந்திருந்தேன். அது தன் கடமையைச் செய்திருந்தது.

எடுத்துப் பார்த்தேன். முகம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. கன்னம் மேலேறியிருந்தது, கண்ணோரம் சுருங்கியிருந்தது. பற்கள் சிறிதே தெரிந்தன. பிறகு பழைய படங்களைத் தள்ளிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் வாய் மட்டும் இழுபட்டிருந்தது. நெற்றியிலோ கன்னத்திலோ ஒன்றுமில்லை. மீண்டும் புதிய படத்துக்கு வந்தேன். மீண்டும் பழையவற்றுக்குச் சென்றேன். ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்வதே என் தொழிலாக இருந்தது, ஐயா. வேறுபாடு எத்தகையவனுக்கும் தெரியும்படி இருந்தது. திருமணப் படத்தில்கூட அவள் அவ்வாறு சிரித்ததில்லை. அதைக் கண்டபோது ஏற்பட்ட அச்சத்தைப்போல் பெரிய கேமராவிடம்கூட எனக்கு ஏற்பட்டதில்லை.

அந்த முகத்தோடு அவளை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்ப என்னால் இயலவில்லை.

முதுகுக்கு வைத்திருந்த தலையணையைத்தான் எடுத்தேன். மூக்கையும் வாயையும் மட்டுமே மூடினேன்; கண்களை மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் மெலிந்திருந்ததால் பெரிதாக வலிமை தேவைப்படவில்லை. படிகளில் பலர் ஏறிவரும் ஓசை கேட்டது. கதவை உடைத்துவிட்டார்கள் என்று வீட்டு உரிமையாளர் வருந்துகிறாராம். நானே திறந்திருப்பேன், அப்போது கை ஒழியவில்லை.

நான்தான் செய்தேன். இதில் ஐயத்துக்கு இடமில்லை. எங்கே கையெழுத்திட வேண்டுமோ அங்கே இடுகிறேன். ஆனால், அவள் என்னைக் கண்டு அஞ்சியே வாழ்ந்தாள் என்று பட்டாசு சொல்லியிருப்பதை மட்டும் என்னால் ஏற்க இயலாது. அஞ்சுகிறவள் அஞ்சப்படுகிறவனைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். பெரிய கேமராவின் படங்களும் அதைத்தான் காட்டுகின்றன என்கிறீர்கள். அப்படியே கொள்வோம். இறுதிவரை அவள் முகத்துக்கு மிக அருகில் நான் இருந்தேன். ஒருமுறைகூட அவள் என்னைப் பார்க்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகவே அவளுக்கு என்னிடம் அச்சம் ஏதும் இல்லை என்று தாங்கள் எழுதிக்கொள்ளலாம்.