குதிரை வாடை

அமுக்கராக் கிழங்கை யாரும் கண்ணால் பார்த்து வாங்குவதில்லை. ஒரு துண்டை ஒடித்து முகர்வார்கள். குதிரை வாடை அடித்தால் அசல். அவ்வளவுதான் அவர்களுடைய படிப்பு.

என் நாட்டு மருந்துக் கடையில் அசலை மட்டும் விற்ற காலமும் உண்டு. ஒருமுறை சரக்கு கொஞ்சம் பழையது, வாடை குறைந்திருந்தது. கடை நிறைய ஆள் இருக்கும்போது ஒரு டீச்சரம்மா கேட்டார்: "யார் காதுல பூ சுத்துறீங்க?" எல்லாரும் சிரித்தார்கள்.

சரி, வாடைதானே வேண்டும். சும்மா கிடைக்கும் வேறொரு காட்டு வேரைக் குதிரை மூத்திரத்தில் ஊறவைத்து நிழலில் உலர்த்தினேன். அதே டீச்சரம்மா முகர்ந்துவிட்டு, "இப்பதான் சரக்கு சரக்கா இருக்கு" என்றார். தினமும் தின்றால் அந்த வேர் இதயத்தைப் பிடிக்கும். தெரியாமல் செய்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதாதீர்கள். தொழில் தெரியாதவன் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

தம்பி பெண்டாட்டி காய்ச்சலில் விழுந்து எழுந்து துரும்பாக இளைத்திருந்தாள். உடம்பு தேற அமுக்கரா கொடுக்கலாம் என்று தம்பி கடைக்கு வந்தான். நேராக உள்ளே நுழைந்து அந்தப் போலி வேர் இருந்த டின்னில் கையை விட்டான்.

"அவளுக்குத்தான்ணா. உன் கடைச் சரக்குன்னா கண்ணை மூடிட்டு சாப்பிடுவா."

வேண்டாம் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. எதிரே வாங்க வந்தவர்கள் நின்றார்கள். "பொடிச்சு பால்ல கலந்து குடு" என்றேன்.

பிறகாவது மாற்றியிருக்கலாமே என்கிறீர்கள். அதற்குத்தான் அவன் வீட்டுக்குப் போனேன். சட்டைப்பையில் அசல் பொட்டலம் இருந்தது. அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இப்பவே தெம்பா இருக்கு மாமா. வாடைதான் குடலைப் புரட்டுது. அசல்னா அப்படித்தான் இருக்கும்னு தெரு முழுக்கச் சொல்லிட்டேன்."

மாற்றினால் வாடை மாறும். ஏன் என்று கேட்பாள். தெருவுக்கே சொல்லும் வாய் அது. காப்பி குடித்தேன். பொட்டலத்தோடு திரும்பி வந்தேன். அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியபோதும் போய்ப் பார்த்தேன். தம்பி அழுதான். மருந்தை நிறுத்தாதே என்று நான்தான் சொன்னேன். நிறுத்தி அவள் தேறினால், ஊர் என் கடையைத்தானே பார்க்கும்.

அவளைக் கொன்றது நான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தம்பியையும் கொஞ்சம் விசாரியுங்கள். கடையில் கை வைக்கும் முன் அண்ணனை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்கிற மரியாதை அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது.