கவிழ்ந்த வண்டியை நிமிர்த்த வந்தவர்

மேலே குறித்துள்ள பெயரும் தகப்பனார் பெயரும் கதவு எண்ணும் என்னுடையவையே. வயது நாற்பத்தொன்று. தொழில் லாரி மெக்கானிக். நான்கு வருடமாக வேலைக்குப் போகவில்லை. ஜாக்கி சரிந்து லாரியின் பின் அச்சு என் மேல் இறங்கியதில் கழுத்துக்குக் கீழே அசைவு போய்விட்டது. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வேலை செய்யும். பேச முடியும், ஆனால் மூச்சுப் போதாததால் என் குரல் அடுத்த அறையைத் தாண்டாது. காவல் நிலையத்திலிருந்து வந்த தாங்கள் என் கட்டிலருகில் அமர்ந்து கேட்க, நான் சொல்லச் சொல்ல இது எழுதப்படுகிறது. என் மனைவி உடன் இருக்கிறாள்.

முதலில் வண்டியைப் பற்றிக் கேட்டீர்கள். அது ரிமோட்டில் ஓடும் சிறிய லாரி. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இருக்கும் நீளம். வேகமாகப் போகாது, நடந்து போகிறவர் அதை முந்திவிடுவார். பாறையைப் பற்றிப் பற்றி ஏறுவதற்கென்றே செய்யப்படுவது. பாகங்களாகப் பெட்டியில் வந்ததை, இந்தக் கட்டிலின் மேலேயே விரித்து, நான் வாயால் சொல்ல என் மனைவி மூன்று வாரத்தில் பூட்டி முடித்தாள். அதற்கு முன் அவள் ஸ்க்ரூடிரைவர் பிடித்ததில்லை. "இடப்பக்கம் முடுக்கு" என்றால் "எந்த இடப்பக்கம், உங்களுக்கா வண்டிக்கா?" என்று கேட்பாள். அதன் பிறகு ஒரு சக்கரம் காற்றில் தொங்கினாலும் மற்றது இழுக்கும்படி அச்சுகளின் பல்சக்கரங்களைப் பூட்டினோம், மோட்டாரை மாற்றினோம், முன்னால் ஒரு சிறு கேமராவும் மைக்கும் வைத்தோம். படமும் சத்தமும் கட்டிலின் கால்மாட்டில் உள்ள டிவியில் வரும். ரிமோட்டைப் பிரித்து, அதன் குச்சியை என் கட்டைவிரலுக்கும் விளக்கின் பொத்தானை ஆள்காட்டி விரலுக்கும் எட்டுமாறு ஒரு பலகையில் பொருத்தினாள். அப்படித்தான் நான் வீட்டுக்கு வெளியே போய்வந்தேன்.

இறந்துபோனவர் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த பெயிண்டர். வயது ஐம்பத்து மூன்று. அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன், என்னைத் தம்பி என்பார். வண்டிக்கு ஆரஞ்சு நிறம் அடித்துக் கொடுத்தவர் அவர்தான். நான் சாம்பல் நிறம் கேட்டேன். "கல்லுக்குள்ள கல்லு நிறத்துல ஓட்டிட்டு, அப்புறம் யாரு தேடுறது? நான்தானே?" என்றார். வீட்டின் பின்வாசலை ஒட்டிப் போகும் ஒற்றையடிப் பாதைக்கு அப்பால், வேலை நின்றுபோன கல்குவாரி இருக்கிறது. அதன் சரிவில்தான் ஓட்டுவேன். வண்டி கவிழ்ந்தால் போகிற வழியில் அண்ணன் இறங்கி நிமிர்த்திவிடுவார். அவர் பேசுவது எனக்குக் கேட்கும். நான் பேசுவது அவருக்குக் கேட்காது. அதனால் விளக்கை ஒரு முறை மினுக்கினால் இல்லை, இரண்டு முறை என்றால் ஆமாம் என்று வைத்துக்கொண்டோம். ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்தால் பேசிக்கொள்ளலாமே என்று அவர் சொன்னபோது, எடை கூடும் என்று நான்தான் வேண்டாமென்றேன்.

சென்ற திங்கட்கிழமை மாலை வண்டிக்குப் பெரிய டயர்கள் மாட்டினோம். டயர் உரசாமல் இருக்க மேல்கூட்டை ஒரு விரற்கடை உயர்த்த வேண்டியிருந்தது. என் மனைவி கையில் தூக்கிப் பார்த்து, "தலை கனமாயிடுச்சு, ஆடுதுங்க" என்றாள். அடியில் பித்தளை எடை சேர்த்த பிறகு ஓட்டலாம் என்றாள். நான் கேட்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு அவள் சலவைக் கடைக்கு இஸ்திரி வேலைக்குக் கிளம்பினாள். அவளுடைய போன் தண்ணீரில் விழுந்து பழுதாகியிருந்தது. என் போனை எடுத்துப் போகச் சொன்னவன் நான். மதியம் ஒரு மணிக்கு அவள் வந்துவிடுவாள் என்பதாலும், பதினோரு மணிக்கு அண்ணன் வந்து தண்ணீர் கொடுத்துப் பார்த்துப் போவதாகச் சொல்லியிருந்ததாலும் அது போதும் என்று இருவரும் நினைத்தோம். வண்டியைப் பின்வாசலில் வைத்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போனாள்.

அதன் பிறகு நான் வண்டியைச் சரிவுக்குக் கொண்டுபோனேன். பத்தே முக்கால் மணியளவில் ஒரு பாறையில் ஏறும்போது வண்டி பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்ந்தது. டிவியில் படம் தலைகீழானது. நிமிர்த்துவதற்கு நான் செய்யக்கூடியது எதுவும் இல்லாததால் அண்ணன் வரட்டும் என்று காத்திருந்தேன். பதினோரு மணிக்குச் சில நிமிடம் இருக்கும்போது பாதையிலிருந்து அவர் குரல் கேட்டது. "என்ன தம்பி, காலையிலேயே சிரசாசனமா?" என்றார். நேராக என் வீட்டுக்குள் வந்திருக்க வேண்டியவர், வண்டியைப் பார்த்துவிட்டுச் சரிவில் இறங்கினார். படத்தின் மேல் விளிம்பிலிருந்து அவர் செருப்பு வந்தது. அதன் பிறகு கை வந்தது. வண்டியை நிமிர்த்தி வைத்தார். "டயர் மாத்தியாச்சா, சொல்லவேயில்ல" என்றார். நான் இரண்டு முறை மினுக்கினேன். அவர் எழுந்து திரும்பும்போது காலடியில் சரளைக்கல் உருண்டது. அவர் படத்திலிருந்து மறைந்தார். கற்கள் விழும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

வண்டி அவரை இடித்ததா என்று கேட்டீர்கள். இடிக்கவில்லை. அப்போது அது நின்றுகொண்டிருந்தது.

அதன் பிறகு அவர் "யாராவது இருக்கீங்களா?" என்று மூன்று நான்கு முறை கத்தியது கேட்டது. நானும் இந்தக் கட்டிலிலிருந்து கத்தினேன். அது யாருக்கும் கேட்டிருக்காது. அதன் பிறகு அவர் குரல் வந்த பக்கமாக வண்டியை இறக்கினேன். அவர் இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே ஒரு திட்டில் மல்லாந்து கிடந்தார். இடது கால் தொடைக்குக் கீழே திரும்பாத பக்கம் திரும்பியிருந்தது. அவர் இருந்த இடத்துக்கு வண்டி போய்ச்சேரப் பத்து நிமிடம் ஆனது. அதுவரை அவர் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார். நடுவில் ஓரிடத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றது. அங்கே கவிழ்ந்திருந்தால் அவரால் எழுந்து வந்து நிமிர்த்தியிருக்க முடியாது என்பதை நினைத்து மிக மெதுவாக இறக்கினேன்.

வண்டியைப் பார்த்ததும், "வந்துட்டியா தம்பி?" என்றார். இரண்டு முறை மினுக்கினேன். கையை நீட்டி வண்டியின் கூரை மேல் வைத்துக்கொண்டார். படத்தின் ஓரத்தில் அவருடைய விரல்கள் தெரிந்தன. நகங்களில் வெள்ளைப் பெயிண்ட் இருந்தது.

அதன் பிறகு அவர், "யாருக்காவது போன் பண்ணிட்டியா?" என்று கேட்டார்.

போன் என் மனைவியிடம் இருப்பது அவருக்குத் தெரியாது. நான் யாருக்கும் போன் பண்ணவில்லை. இரண்டு முறை மினுக்கினேன்.

இதை எழுத வேண்டியதில்லை, வழக்குக்கு இது தேவைப்படாது என்று தாங்கள் சொன்னீர்கள். எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்றும் கேட்டீர்கள். அவர் முகம் கேமராவுக்கு மிக அருகில் இருந்தது, ஒரு முறை மினுக்கிவிட்டு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அவர், "அப்பாடா. இனி கத்தித் தொண்டையைக் கெடுத்துக்க வேண்டாம்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அதன் பிறகு அவர் கத்தவில்லை.

அவரிடம் போன் இருந்ததா என்று கேட்டீர்கள். கீழே விழுந்ததில் எங்கோ போய்விட்டதாக அவரே சொன்னார். அதன் பிறகு, தன் மனைவி மார்க்கெட்டிலிருந்து வந்ததும் தன்னை இந்தக் கோலத்தில் பார்த்தால் காலைவிட வாய்தான் அதிகம் வலிக்கும், பதில் சொல்லியே மாளாது என்றார். சிரிக்கப் பார்த்து இருமினார். குளிர்கிறது என்றார். அப்போது வெயில் அவர் மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது.

வண்டியைத் தெருவுக்குக் கொண்டுபோய் யாரையாவது அழைத்து வரலாம் என்று அதன் பிறகுதான் எனக்குத் தோன்றியது. வண்டி அவர் கைக்கு அடியில் இருந்தது. பின்னால் எடுத்தேன். கை கல்லில் விழுந்தது. "எங்கே போற?" என்றார். விளக்கு ஆமாம், இல்லை இரண்டைத்தான் சொல்லும். பிறகு அவரே, "ஓ, வர்றவங்களுக்கு வழி காட்டவா? சரி சரி, போ. நான் எங்கேயும் ஓடிட மாட்டேன்" என்றார். அவர் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

சரிவில் ஏறிப் பாதையைக் கடந்து தெருவுக்கு வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. டிவியின் மேல் உள்ள கடிகாரத்தில் அப்போது பதினொன்று ஐம்பது. தெருவில் ஒருவர் பைக்கில் போனார், நிற்கவில்லை. அதன் பிறகு காய்கறிப் பையுடன் ஒரு பெண் வந்தார். அவர் முன்னால் வண்டியைக் குறுக்கே நிறுத்தி விளக்கை மினுக்கினேன், குவாரிப் பக்கம் கொஞ்சம் போய்த் திரும்பி வந்தேன், மறுபடியும் போய்த் திரும்பி வந்தேன். அவர் குனிந்து, "யாரோட பொருளோ, பாவம். லாரி ஏறினா நொறுங்கிப் போயிடும்" என்று சொல்லி வண்டியை இரண்டு கையாலும் எடுத்துப் பக்கத்து மதில்மேல் பத்திரமாக வைத்துவிட்டுப் போனார். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் யாரென்று விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மதில் இரண்டு செங்கல் அகலம்தான். திருப்பவும் இடமில்லை. எதிர்வீட்டு மாடியில் காயும் துணிகள் தெரிந்தன. கீழே போனவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பத்து நிமிடம் விளக்கை மினுக்கிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு வேண்டுமென்றே வண்டியை மதிலிலிருந்து கீழே விழவிட்டேன். நாலு சக்கரமும் மேலே இருக்க விழுந்தது. தெரு தலைகீழாகத் தெரிந்தது. கால்கள் போயின, ஒரு சைக்கிள் போனது, யாரோ போனில் சம்பந்தி வீட்டைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டு போனார். பன்னிரண்டு நாற்பதுக்குப் பேட்டரி தீர்ந்து டிவி கறுப்பானது. அதன் பிறகு இருபத்தைந்து நிமிடம் நான் கறுப்பு டிவியைப் பார்த்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒன்று ஐந்துக்கு என் மனைவி வந்தாள். நான் சொல்லி முடிப்பதற்குள் செருப்பில்லாமல் ஓடினாள். அக்கம்பக்கத்தவர்கள் கதவுப் பலகையில் வைத்து அவரைத் தூக்கி வந்ததை அவள் சொல்லித்தான் அறிவேன். அப்போது மூச்சு இருந்திருக்கிறது. ஆம்புலன்ஸில் போகும் வழியில் நின்றுவிட்டது. வயிற்றுக்குள் இரத்தம் கசிந்திருந்தது, ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் முயன்று பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

குவாரி நின்ற பிறகும் அதன் எதிர்க்கரையில் கையால் கல் உடைத்துப் பிழைக்கும் இருவர், பதினோரு மணிக்கு மேல் ஓர் ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டதாகவும், சம்மட்டியை நிறுத்திக் காது கொடுத்தபோது சத்தம் நின்றுவிட்டதால் யாரோ வேலைக்காரனைக் கூப்பிட்டிருப்பார்கள், வந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்து வேலையைத் தொடர்ந்ததாகவும் தங்களிடம் சொல்லியிருப்பதாக இன்று தாங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் அண்ணனின் மனைவி என்னைப் பார்க்க வந்தார். நாற்காலியில் உட்காராமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தனியா கிடந்தாரேன்னுதான் மனசு அடிச்சுக்கிச்சு. நீங்க கூட இருந்தீங்கன்னு உங்க வீட்ல சொன்னாங்க. அது போதும் தம்பி" என்றார். நான் விளக்கை இரண்டு முறை மினுக்கியதை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் எடுத்தேன். அவர் என் நெற்றி வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்தார். அதனால் சொல்லவில்லை.

இந்தத் தாள் அவர் பார்வைக்குப் போகுமா என்று கேட்டேன். அவர் மனுப் போட்டால் நகல் கிடைக்கும் என்று சொன்னீர்கள். அவரை மனுப் போடச் சொல்லும்படி என் மனைவியிடம் உங்கள் முன்னிலையிலேயே சொல்லியிருக்கிறேன்.

எழுதியதை முழுவதும் எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடிதான் இருக்கிறது. யாரும் வற்புறுத்திச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட இயலாததால், என் மனைவி என் கையைத் தூக்கிப் பிடிக்க, வலது கட்டைவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.

(வலது பெருவிரல் ரேகை)
கை பிடித்தவர்: மனைவி
என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது: காவல் நிலைய எழுத்தர்