ஜட்ஜ் கெல்வேயோட குமாஸ்தா

இல்லம்மா, இனிமே அவரைப் பார்க்க முடியாது. புதைச்சு ஒன்பது நாளாச்சு. உட்காருங்க. முப்பத்தோரு வருஷம் அவருக்குக் குமாஸ்தாவா இருந்தவன் நான், என் பேரு டாக்கெட். ஐவர் பிளாக்வெல்லோட பொண்ணுன்னு வாசல்ல நீங்க சொன்னதும் கதவைச் சாத்திடலாமான்னு இருந்துச்சு. மறைக்கல.

அவரு பிரபு வீட்டுப் பிள்ளையான்னா கேக்கறீங்க? நீங்க வேற. ஹாலிஃபாக்ஸ்ல பூட்ஸ் தைக்கிறவரு மகன். உபகாரச் சம்பளத்துல படிச்சு, லண்டன்ல வக்கீலாகி, ஊர்ப் பேச்சை நாக்குலேர்ந்து சுரண்டி எடுத்தாரு. நாப்பத்தொன்பது வயசுல ஜட்ஜாகி சிவப்பு அங்கி போட்டாச்சு. அவரு ஒரு படி ஏறினா நானும் ஒரு படி. எங்க தொழில் அப்படி.

உங்கப்பா வழக்கு அம்பத்திரண்டுல, லீட்ஸ்ல. கடைக்காரம்மாவைக் கொன்னுட்டு ஓடினது இவர்தான்னு சொன்னது ஒரே ஆளு, ஒரு பஸ் கண்டக்டர். ஜூரிக்கு நாப்பது நிமிஷம் போதுமா இருந்துச்சு. தூக்குத் தண்டனை சொல்றப்ப ஜட்ஜ் தலையில வெக்கற கருப்புத் துணியை வெச்சது நான்தான், அது என் வேலை. உங்கப்பா கத்தல. எம்பொண்ணுக்கு யாராவது பக்குவமாச் சொல்லுங்கன்னாரு. உங்களுக்கு அப்ப நாலு வயசா? மூணா. சரி.

மறுநாள் காலையில ஜட்ஜு தட்டுல வெச்ச மீனைத் தொடல. டாக்கெட், கொலை நடந்தன்னிக்குத் தெருவெல்லாம் பனிமூட்டம்யா, அந்தக் கண்டக்டருக்கு முகம் தெரிஞ்சிருக்காது, அதை நான் ஜூரிக்கு எடுத்துச் சொல்லியிருக்கணும், சொல்லல, தப்பு என்னோடதுன்னாரு. தூக்கை நிறுத்தற அதிகாரம் உள்ள உள்துறை மந்திரிக்கு அப்படியே தன் கையால எழுதி, எனக்குப் படிச்சும் காட்டினாரு. தபால்ல சேர்க்கச் சொல்லிக் கொடுத்தாரு.

மூணு வாரம் பதிலுக்குக் காத்திருந்தாரு. இன்னொரு தடவை எழுதுங்கய்யான்னு நான் சொல்லல. மந்திரியைப் போய் நச்சரிக்கறதான்னு அவரும் விட்டுட்டாரு. உங்கப்பாவைக் காலையில ஒன்பது மணிக்குத் தூக்குல போட்டாங்க. பத்தரைக்கு இவரு கோர்ட்ல உட்கார்ந்து ஒரு ஆட்டுத் திருட்டு விசாரிச்சாரு. குரல் பிசகல. நாலு வருஷத்துல மேல்முறையீட்டு நீதிமன்றம், லார்டு ஜஸ்டிஸ்ங்கற பேரு. ஆனா லீட்ஸ் பக்கம் மட்டும் அப்புறம் காலே வைக்கல.

போன மாசம் ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. நான் எழுதினேன் டாக்கெட், அவங்கதான் கேக்கலன்னாரு. ஆமாய்யா, கேக்கலன்னேன்.

மந்திரி ஏன் கேக்கலைன்னா கேக்கறீங்க? கடுதாசி அவரு கைக்குப் போனாத்தானேம்மா. ஜூரிக்குத் தப்பா வழிகாட்டினேன்னு தானே எழுதிக் கொடுத்த ஜட்ஜை யாரு மேல ஏத்துவாங்க? என்னை யாரு ஏத்துவாங்க? தபால்பெட்டி வரைக்கும் போனேன். நின்னேன். திரும்பி வந்து கடுதாசியைக் கணப்பு நெருப்புல போட்டுட்டேன்.

அவரைத் திட்டத்தானே இவ்வளவு தூரம் ரயிலேறி வந்தீங்க? திட்டுங்க. நான் எங்கயும் போகல.