ஏழு மெகாஹெர்ட்ஸில் பெரட்டு

விடிய இன்னும் கொஞ்ச நேரம்... தோட்டத்தில் பேர் கூப்பிட்டு ஆள் எடுக்கிற பெரட்டு மணி அடிக்கிற நேரத்துக்குச் சற்று முந்தி. டயகமவுக்கு மேலே ஏறுகிற தோட்டத்து ரோடு. ரோடு வளைகிற ஒரு முடக்கில் தன்னந்தனியாக ஒரு வேன். உள்ளே விளக்கு இல்லை. ரேடியோவின் மஞ்சள் வெளிச்சம் மட்டும்.

கதை அந்த வேனுக்குள்தான். எனக்கு நடந்ததில்லை. என் கூட்டாளி ஜெயகாந்தனின் மச்சானுக்கு நடந்தது. அவன் மனைவி பிரியந்திக்குக் கூடப்பிறந்த அண்ணன், சுதாகரன். அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள், சாரல் அடிக்கிறது. ரோட்டில் சரிந்து கிடக்கிற மண்ணை அள்ளுகிற மெஷின் இறம்பொடைக்கு வந்து சேர்ந்து, நம் வண்டிக்கு வழி விடுவதற்குள் பொழுதே விடிந்துவிடும். தூக்கமும் வரப்போவதில்லை. கேளுங்கள்.

சுதாகரன் ஹட்டனில் போன் திருத்துகிறவன். பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்கி, வேனிலேயே ஹாம் ரேடியோ பூட்டியிருந்தான், கேட்கவும் திருப்பிப் பேசவும் முடிகிற ரேடியோ. பின் கதவில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு ஏரியல். போகிற இடமெல்லாம் மரக்கிளையில் அடிபடும். எங்கே மீன் பிடிக்கப் போறே என்று நாங்கள் கேலி செய்வோம். அவன் பாட்டுக்கு ரோட்டோரம் நிறுத்தி, குமிழைத் திருகிக்கொண்டு, யாரோ முகம் தெரியாத ஆட்களோடு பேசிக்கொண்டிருப்பான்.

அவர்கள் பேசுவது சிங்கிள் சைட்பேண்ட் என்கிற முறையில். நம் வீட்டு ரேடியோ மாதிரி இல்லை அது. குமிழ் ஒரு மயிரிழை தள்ளி நின்றாலும் வருவது மனிதக் குரலாக இருக்காது. வாத்து கத்துகிற மாதிரி இருக்கும். இந்தப் பக்கம் தள்ளினால் தண்ணீருக்கடியில் யாரோ பேசுகிற மாதிரி. மெதுவாக... மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகவேண்டும். திடீரென்று ஆள் வந்துவிடுவார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. அவர் பேச்சை நிறுத்தினால் அங்கே ஒன்றுமே இருக்காது. வெறும் இரைச்சல்.

கார்த்திகையில் ஒரு பெருமழை. ஜெயகாந்தன் அப்போது கொழும்பில் வேலை. பிரியந்தியும் பிள்ளையும் தோட்டத்து மேல் டிவிஷனில், வரிசை வீடான லயத்தில். மலை சரிந்து லயத்தின் மேல் விழுந்தது என்று ஒரு செய்தி வந்ததோடு போன் எல்லாம் செத்துப்போனது. ஜெயகாந்தன் பஸ்ஸிலும் நடையிலுமாக வந்து சேர்ந்தபோது, ரோடு அறுந்த முடக்கில் சுதாகரனின் வேன் நின்றிருந்தது. கண்டிக்கும் கொழும்புக்கும் அவன்தான் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். மருந்து வேண்டும், கயிறு வேண்டும், இன்னாருடைய அம்மா பத்திரம்... தொண்டை கட்டிப்போயிருந்தது. கண் சிவந்து கிடந்தது. வேனைச் சுற்றி ஜனம். தன் தங்கச்சியைப் பற்றி மட்டும் அவனுக்கே ஒரு சேதியும் கிடைக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை. ஏழு மெகாஹெர்ட்ஸ் பக்கம் திருகிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு வாத்துக் குரல் அகப்பட்டது. ஒரு சொல்... நிறுத்தம். ஒரு சொல்... நிறுத்தம். மெதுவாகத் திருகினான். ஆள் வந்துவிட்டார்.

மேல் டிவிஷனில் ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி கணேசமூர்த்தி. கடைசி லயத்தில்தான் அவர் வீடு. பெரட்டுக் களத்தில் காலையில் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாரே, அதே இழுவை.

“வீரய்யா...”

இரைச்சல். அப்புறம் மெலிதாக, “இருக்கேங்க.”

“மீனம்மா...”

“இருக்கேங்க.”

வேனைச் சுற்றி நின்ற ஜனம் அழுதது. கங்காணி உயிரோடு இருக்கிறார், தப்பித்த ஆட்களை ஒன்று சேர்த்துப் பேர் எடுக்கிறார் என்று எல்லாருக்கும் தோன்றியது. மீனம்மாவின் மகன் ரோட்டிலேயே உட்கார்ந்து கைகூப்பினான். கங்காணிக்கு ஏது ரேடியோ என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவ்வளவு அசதி. அவ்வளவு ஆசை.

“பிரியந்தி...”

பதில் இல்லை. வெறும் இரைச்சல்.

“பிரியந்தி...” இரண்டாவது தடவை.

பெரட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். மூன்று தடவை கூப்பிடுவார்கள். ஆள் இல்லையென்றால் அன்றைக்குப் பேர் இல்லை, கூலியும் இல்லை. அதனால் ஆள் பிந்திவிட்டால் வீட்டில் ஒருவர் அந்த ஆளுக்காகப் பதில் கொடுப்பார். கொடுத்தவர் அந்த ஆள் வரும்வரை அந்த வேலையைச் செய்யவேண்டும். தங்கச்சி வேலைக்குப் போன புதிதில் சுதாகரன் அவளுக்காக எத்தனையோ தடவை அப்படி நின்றிருக்கிறான். ஜெயகாந்தன் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவன் பார்த்தான். கை தானாக மைக்கை எடுத்தது.

“பிரியந்திக்கு நான் நிக்கிறேங்க.”

அப்புறம் கங்காணி, “சரி” என்றார்.

மத்தியானம் பிரியந்தி வந்தாள். ரோட்டு வழியாக, கீழே இருந்து... பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று முதல் நாளே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனவள், மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டாள். ஜெயகாந்தன் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதானாம். சொல்லும்போது இப்போதும் அழுவான்.

சாயங்காலம் ஆர்மிக்காரர்கள் மண்ணைத் தோண்டினார்கள். வீரய்யாவை எடுத்தார்கள். மீனம்மாவை எடுத்தார்கள். கங்காணியை எடுத்தார்கள். பதில் சொன்ன ஒருத்தர் பாக்கியில்லை. மலை சரிந்த உடனேயே போன உயிர்கள் என்றார் டாக்டர். சுதாகரன் மட்டும் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பதில் சொல்லாதவள் பிரியந்தி ஒருத்திதான், உயிரோடு இருந்தவள். செத்தவர்களின் பெரட்டில் அவளை ஆஜர் போட்டது அவன்.

மறுநாள் அதே நேரம்... மறுபடியும் குரல். வீரய்யா. மீனம்மா. பிரியந்தி. சுதாகரன் வாயைத் திறக்கவில்லை. ஜெயகாந்தனும் அவளும் பிள்ளையோடு அப்போது ஸ்கூலில், அகதிகளாகப் பாயில் படுத்திருந்தார்கள். மூன்றாவது தடவை பேர் கூப்பிட்ட நேரம் இருக்கும். பிரியந்தி பாயிலிருந்து எழுந்து நேரே மலைப்பக்கம் நடந்தாளாம். கண் மூடியபடியே. ஜெயகாந்தன் ஓடிப்போய்ப் பிடித்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. வாயைத் திறந்தால் ஈரமண் வாசனை.

அன்றிலிருந்து சுதாகரன் ஒரு நாளும் தவறவிடவில்லை. கடையைப் பாதிநாள் மூடினான். வேனை அந்த முடக்கிலேயே போட்டுக்கொண்டு, பின் சீட்டில் சுருண்டு படுத்து, விடியுமுன் எழுந்து குமிழைத் திருகுவான். குரல் தினம் ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும். தேடிப்பிடிக்கவேண்டும். “பிரியந்திக்கு நான் நிக்கிறேங்க.” “சரி.” அவ்வளவுதான். அப்புறம் நாள் முழுக்க எழுந்திருக்க முடியாது. முதுகு விட்டுப்போகும்.

பிரியந்தி சோறு கொண்டு போய்க் கொடுப்பாள். ஒருநாள் அவன் சாப்பிடும்போது கையைப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் கறுப்பு. தேயிலைக் கொழுந்துக் கறை. வாழ்நாளில் எப்போதோ சில நாள் மட்டும் கொழுந்து கிள்ளியவன், அதுவும் வருஷங்களுக்கு முந்தி. தலையைத் தடவிப் பார்த்தாள். உச்சியில் கூடைக் கயிறு பதிகிற இடத்தில் தோல் காய்த்துப்போயிருந்தது. பதினாறு வயதிலிருந்து அவள் தலையில் இருக்கிற அதே காய்ப்பு. அதற்குப் பிறகுதான் அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

“போதும்ணே. உன்னயப் பாத்தா ஆளு மாதிரியே இல்ல” என்றாளாம்.

“நான் குடுத்த பேரு. நான்தான் இழுக்கணும்.”

“எத்தன நாளைக்கு?”

தூங்கினால் போதும் தங்கச்சி, ஒரே ஒரு நாள் வெயில் ஏறுகிறவரைக்கும் தூங்கினால் போதும் என்று மட்டும் சொன்னான்.

சித்திரையில் ஒருநாள். ஜெயகாந்தனுக்கும் சொல்லாமல் இருட்டிலேயே எழுந்து அவள் வேனுக்கு வந்தாள். பிள்ளையை முத்தமிட்டுவிட்டு வந்தவள். அண்ணன் பின் சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். எழுப்பவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். அவன் திருகுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தாள். முன் சீட்டில் உட்கார்ந்து மைக்கை எடுத்துக்கொண்டாள். என் பேருக்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன், அவன் தூங்கட்டும்... அதுதான் அவள் முடிவு.

இரைச்சல். மண் வாசனை. வாத்துக் குரல். மெதுவாகத் திருகினாள்.

“வீரய்யா...”

குமிழ் சரியாக நிற்கவில்லை. பதில் தண்ணீருக்கடியில் இருந்து வந்தது.

“மீனம்மா...”

அதுவும் அப்படித்தான். அடுத்தது தன் பேர். மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள். பட்டனில் விரல். நிறுத்தம்... நீண்டுகொண்டே போனது.

அவள் பேர் வரவில்லை.

பேர் என்பது வேலை செய்கிறவனுக்குத்தானே விழும். அதைக் கங்காணிக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. அவர் கூப்பிட்டார்.

“சுதாகரன்...”

அவள் பட்டனை அழுத்தி, “அண்ணனுக்கு நான்” என்று தொடங்கினாள். முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது.

“இருக்கேங்க.”

பின் சீட்டிலிருந்து இல்லை. ரேடியோவிலிருந்து.

பின்னால் மூச்சுச் சத்தம் நின்று எவ்வளவு நேரமாயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவே வெகுநேரமானது. அவன் விரலில் கொழுந்துக் கறை கடைசிவரை போகவில்லை, அப்படியேதான் அடக்கம் பண்ணினார்கள். அதெல்லாம் ஜெயகாந்தன் சொன்னது. பிரியந்தி அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஒரே ஒரு தடவை, நான் சாவு விசாரிக்கப் போனபோது, தேத்தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு இதை மட்டும் சொன்னாள். மற்றக் குரல் எல்லாம் அன்றைக்குக் குளறிக்கொண்டுதான் இருந்ததாம். அண்ணன் குரல் மட்டும் குமிழைத் தொடாமலே தெளிவாக வந்ததாம்.

“அதில அசதியே இல்லீங்க” என்றாள். “நல்லா தூங்கி எந்திரிச்ச ஆளு மாதிரி இருந்திச்சி.”