பச்சைப் புள்ளி திரும்பும் வழி

ஸ்தனிஸ்லாஸ்: ...பாரு, மறுபடியும் தேதி கேக்குது. கண்ணு முழிச்சதும் முதல் கேள்வி இதுதான்.

இசபெல்லா: கேட்டா சொல்லிட்டுப் போறதுதானுங்க. எண்பத்தெட்டு, நவம்பர் பதினஞ்சு. இந்தக் கொடைய எங்க வைக்கட்டும்? சொட்டுது.

ஸ்தனிஸ்லாஸ்: வாசல்லயே விரிச்சு வை. இது என்ன சொல்லுதுன்னா, இன்னைக்கு எண்பதாம் வருசம், சனவரி ஒண்ணு, செவ்வாக்கிழமைங்குது.

இசபெல்லா: கிழமையாவது சரியா இருக்குதே.

ஸ்தனிஸ்லாஸ்: கிழமை சரியா இருந்தா ஆச்சா? நடுவுல எட்டு வருசத்தைக் காணோம்.

இசபெல்லா: உள்ள பேட்டரி இல்லைங்க. எங்க சவரி அண்ணன் இதைப் பெங்களூர்ல இருந்து கொண்டாந்து கொடுக்கறப்பவே சொல்லுச்சு. கரண்டு போனா கம்ப்யூட்டருக்கு எல்லாம் மறந்துடும், நாமதான் ஞாபகப்படுத்தணும்னு.

ஸ்தனிஸ்லாஸ்: எண்பது சனவரில நமக்குக் கல்யாணமே ஆகலை.

இசபெல்லா: நான் யாருன்னே உங்களுக்குத் தெரியாது. தெனமும் சாயந்தரம் இந்த மெசின் அங்க இருந்துதான் கெளம்பி நம்ம வூட்டுக்கு வருது... பாவம், எவ்வளவு தூரம்.

ஸ்தனிஸ்லாஸ்: மணி என்ன?

இசபெல்லா: அஞ்சு நாப்பது. தூறல். மேகம் எறங்கி சித்தேரி மலையே தெரியலை. அதையும் அடிச்சு விடுங்க.

ஸ்தனிஸ்லாஸ்: மழையை இது கேக்கலை.

இசபெல்லா: கேட்டிருக்கலாம். இருங்க, சேலை மாத்திட்டு வந்துடறேன்.

ஸ்தனிஸ்லாஸ்: ம்.

இசபெல்லா: பள்ளிக்கூடத்துல இருந்து வந்த தமிழய்யா வேட்டி கூட மாத்தலை, காப்பி கூட குடிக்கலை. அப்படி என்னங்க அவசரம்?

ஸ்தனிஸ்லாஸ்: ஆறு மணிக்குக் கரண்டை நிறுத்திடுவாங்க. அதுக்குள்ள ஒரு சின்ன வேலை.

இசபெல்லா: சின்ன வேலைக்கு இம்புட்டு நேரமா தட்டறீங்க? நான் சேலை மாத்தி, தலை தொவட்டிட்டு வந்தாச்சு. இன்னும் தட்டிட்டே இருக்கீங்க.

ஸ்தனிஸ்லாஸ்: அந்தப் பக்கமா நில்லு. தண்ணி தெறிக்கும்.

இசபெல்லா: தண்ணி தெறிக்குமா, என் கண்ணு படுமா? கையை வச்சு எதை மறைக்கிறீங்க?

ஸ்தனிஸ்லாஸ்: இசபெல்லா, நேராவே கேக்கறேன். உன் பஸ் படத்தை நீ பூட்டி வச்சிருக்கியா?

இசபெல்லா: பூட்டா? எந்தப் பூட்டு?

ஸ்தனிஸ்லாஸ்: நம்ம ஊர்ல இருந்து பெங்களூருக்கு ஒரு கோடு போட்டு, முன்பக்கம் தெரிய மூக்கு வச்ச பச்சைப் புள்ளியா ஒரு பஸ்ஸை ஓட விட்டியே... நீ முதல்முதலா எழுதின புரோகிராம். அந்த ஃபைல்.

இசபெல்லா: ஆமாங்க. அதுக்கு என்ன?

ஸ்தனிஸ்லாஸ்: அதை ஓட்டிப் பாக்க விடுது. எழுதியிருக்கறதைப் படிக்க விடுது. ஒரு வரி சேத்து சேவ் பண்ணப் போனா மட்டும்... இரு, நீயே பாரு.

இசபெல்லா: "பர்மிஷன் டினைட்."

ஸ்தனிஸ்லாஸ்: அனுமதி மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டதாம். யாரால? அது இல்லை. செயப்பாட்டுவினைல சொல்லிட்டா செஞ்சவனை ஒளிச்சுடலாம்னு இதுக்கும் யாரோ கத்துக் கொடுத்திருக்காங்க.

இசபெல்லா: பாடம் நாளைக்கு எடுங்க. எப்ப இருந்து இப்படிச் சொல்லுது?

ஸ்தனிஸ்லாஸ்: மூணு நாலு நாளா. வூடு என்னுது. மேசை என்னுது. மெசின் என் மச்சான் கொடுத்தது. என் வூட்டு மேசை மேல உக்காந்துக்கிட்டு எனக்கே அனுமதி இல்லைங்குது.

இசபெல்லா: அனுமதி கேட்டு நிக்கறது எப்படி இருக்குதுங்க? சும்மா கேட்டேன்.

ஸ்தனிஸ்லாஸ்: அது வேற, இது வேற.

இசபெல்லா: நானும் ரெண்டு வாரமா நிக்கறேன். வர்ற திங்கக்கிழமை பெங்களூர்ல வேலைக்குச் சேரணும். ரெண்டு வருசம், ஹாஸ்டல்ல தங்கணும், சனிக்கிழமை சாயந்தரம் வருவேன். புருசன் கையெழுத்துப் போட்ட சம்மதத் தாள் ஒண்ணு வேணும்னு உங்க கையில கொடுத்தேன். யோசிக்கறேன்னீங்க.

ஸ்தனிஸ்லாஸ்: யோசிக்க வேண்டிய விசயம்தானே.

இசபெல்லா: யோசிங்க. அரூர் ஆபீஸ்ல டைப் மெசினைத் தட்டிக்கிட்டே நானும் யோசிச்சுட்டுத்தான் இருக்கேன்.

ஸ்தனிஸ்லாஸ்: அந்தத் தாள்ல கம்பெனி முத்திரை கூட இல்லை.

இசபெல்லா: சின்ன கம்பெனிங்க.

ஸ்தனிஸ்லாஸ்: ஆனா ஒரு பிழை இல்லை. ஒற்று மிகற எடத்துல மிகுந்து, மிகாத எடத்துல... நல்லா எழுதியிருக்காங்க.

இசபெல்லா: பேச்சை மாத்தாதீங்க. பஸ்ஸுல என்ன வரி சேத்தீங்க?

ஸ்தனிஸ்லாஸ்: அது ஒண்ணுமில்ல.

இசபெல்லா: ஓட விட்டுப் பாக்கட்டுமா?

ஸ்தனிஸ்லாஸ்: வேணாம்.

இசபெல்லா: நான் எழுதினதுங்க. எனக்குமா அனுமதி இல்ல?

ஸ்தனிஸ்லாஸ்: ...ஓட்டு.

இசபெல்லா: பாப்பிரெட்டிப்பட்டி. கெளம்பிடுச்சு. பொம்மிடி... சத்தம் கொடுக்குது பாருங்க, நான்தான் வச்சேன். தருமபுரி. லைட்டைக் கொஞ்சம் அணைங்களேன்... ஆங், இப்படிப் பாக்கத்தான் நல்லாருக்குது. ஊரே இல்லாத மாதிரி, அந்தக் கோடும் புள்ளியும் மட்டும்.

ஸ்தனிஸ்லாஸ்: எல்லா ஊரும் தூங்கிட்ட மாதிரி.

இசபெல்லா: கிருஷ்ணகிரி... ஓசூர்... பெங்களூர். அவ்வளவுதான், இங்க நின்னு மினுக்கிக்கிட்டே இருக்கும். இதுக்கு மேல நான் எதுவும்... ஏங்க.

ஸ்தனிஸ்லாஸ்: ம்.

இசபெல்லா: நகருதுங்க.

ஸ்தனிஸ்லாஸ்: நகரட்டும்.

இசபெல்லா: ஓசூர்... திரும்பி வருது. கிருஷ்ணகிரிக்கு வந்துடுச்சு. இது... நீங்களா எழுதினீங்க?

ஸ்தனிஸ்லாஸ்: நீ எழுதினதைப் பாத்து கணக்கைத் தலைகீழாப் போட்டேன். வேற ஒண்ணும் தெரியாது.

இசபெல்லா: பஸ்ஸு பின்பக்கமாவே வருதுங்க. முகத்தைப் பெங்களூர் பக்கம் வச்சுக்கிட்டு ரிவர்ஸ்ல...

ஸ்தனிஸ்லாஸ்: திருப்பத் தெரியலை. வந்து சேந்தாப் போதும்னு விட்டுட்டேன்.

இசபெல்லா: தருமபுரில இருந்து பொம்மிடி வரைக்கும் ரிவர்ஸ்ல. டிரைவருக்குக் கழுத்து என்ன ஆகறது?

ஸ்தனிஸ்லாஸ்: சிரிக்காத. சாயந்தரம் வந்ததும் எழுதறேன். வந்து சேருது. சேவ் பண்ணப் போனா அனுமதி இல்லைங்குது. ஆறு மணிக்குக் கரண்டு போகுது. மறுநாள் பாத்தா பஸ் பழையபடி பெங்களூர்ல போய் நின்னுக்கிட்டு மினுக்குது. இன்னைக்கும் அப்படியே. உண்மையைச் சொல்லு, நீ பூட்டலை?

இசபெல்லா: மாதா மேல சத்தியமா நான் பூட்டலைங்க. ஃபைல் இருக்கற டிஸ்க்கை வெளிய எடுங்க, பாக்கலாம். மெசினை மட்டும் அணைச்சுடாதீங்க, நீங்க எழுதினது அதுக்குள்ளதான் இருக்குது.

ஸ்தனிஸ்லாஸ்: இந்தா. மெதுவாப் புடி.

இசபெல்லா: ஏங்க... இந்த ஓரத்துல என்ன இது, பளபளன்னு?

ஸ்தனிஸ்லாஸ்: கண்ணாடி எங்க வச்சேன்... அந்தோணியார்.

இசபெல்லா: அந்தோணியாரேதான். கையில பாலகன், லில்லிப்பூ, எல்லாம் இருக்குது. அத்தை... அத்தை, இங்க கொஞ்சம் வாங்க.

மதலேனம்மாள்: என்னாம்மா? அடுப்புல குழம்பு கொதிக்குது. இருட்டுல உக்காந்து என்னாடா பண்றீங்க ரெண்டு பேரும்?

இசபெல்லா: அத்தை, இதுல படம் ஒட்டினது நீங்களா?

மதலேனம்மாள்: ஆமா. போன வாரம் சாமியார் வந்து அந்தப் பொட்டிய மந்திரிச்சுட்டுப் போனாரில்ல, அன்னைக்கு ஒட்டினேன். வேளாங்கண்ணில வாங்கினது. கிரைண்டருக்கு ஒண்ணு, சைக்கிளுக்கு ஒண்ணு, பம்புசெட்டு மோட்டாருக்கு ஒண்ணு. இதை மட்டும் விட்டா நல்லாருக்குமா?

ஸ்தனிஸ்லாஸ்: இவ்வளவு பெரிய பொட்டி இருக்கறப்ப இந்தத் தகட்டுல எதுக்கும்மா?

மதலேனம்மாள்: அந்தத் தகடு ஓரத்துல சதுரமா ஒரு எடம் பிஞ்சு இருந்துச்சுடா. எலி கடிச்சிருக்குது போலன்னு பாத்தேன். கிழிஞ்சதையும் மூடின மாதிரி ஆச்சு, சாமி படமும் வச்ச மாதிரி ஆச்சு.

இசபெல்லா: எலி கடிக்கலை அத்தை. அது வேணும்னே வெட்டி விட்டது. அந்த வெட்டு தெறந்திருந்தாத்தான் மெசின் எழுத விடும். மூடினா, இதுல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு அர்த்தம்.

மதலேனம்மாள்: அப்ப காவலுக்குத்தானே ஒட்டினேன்? ஒழுங்காத்தானே காத்திருக்காரு.

ஸ்தனிஸ்லாஸ்: என்னையே உள்ள விடாம காத்திருக்காரு.

மதலேனம்மாள்: உன் மூஞ்சியப் பாத்திருப்பாரு.

இசபெல்லா: அத்தை, மாதா படமும் நம்மகிட்ட இருந்துச்சே. இதுக்கு மட்டும் ஏன் அந்தோணியார்?

மதலேனம்மாள்: காணாமப் போனதைத் திருப்பிக் கொண்டாந்து விடறது அவருதானே பாப்பா. நீ பெங்களூர் போறே. வாரா வாரம் ஒழுங்கா வந்து சேரணுமில்ல. தெனமும் நீ கையில எடுக்கற சாமானாச்சேன்னு இதுல ஒட்டினேன்.

ஸ்தனிஸ்லாஸ்: இவ போறான்னு உனக்கு யார் சொன்னது? நான் இன்னும் எதுவும் சொல்லலையே.

மதலேனம்மாள்: நீ சொல்லலை. நீ எப்பத்தான் நேரத்துக்குச் சொல்லியிருக்கே?

இசபெல்லா: அத்தை, திரும்பி வரணும்னு நீங்க ஒட்டின படத்தாலதான் பஸ்ஸு திரும்பி வர முடியாம நின்னுக்கிட்டு இருந்திருக்குது.

மதலேனம்மாள்: எந்த பஸ்ஸு? பாப்பிரெட்டிப்பட்டிக்கு அஞ்சரை வண்டி வந்துடுச்சே, ஆரன் சத்தம் கேட்டேனே.

ஸ்தனிஸ்லாஸ்: அது வேற வண்டிம்மா. மணி என்ன?

இசபெல்லா: அஞ்சு அம்பத்தி அஞ்சுங்க. உரிச்சுடலாமா அத்தை?

மதலேனம்மாள்: செவ்வாக்கிழமை அவரு நாளு. இன்னைக்குப் போய் உரிக்கிறதா?

ஸ்தனிஸ்லாஸ்: உரிக்கலைம்மா. எடம் மாத்தறோம். பொட்டி நெத்தியில ஒட்டிடறோம், இன்னும் உயரமா இருப்பாரு.

மதலேனம்மாள்: சரி. நகம் படாமப் பாத்துக்க, பாலகன் கிழிஞ்சுடும்.

இசபெல்லா: நான் எடுக்கறேன், கொடுங்க. ...ஓரம் வந்துடுச்சு. ...லில்லிப்பூ மட்டும் ஒட்டிக்கிட்டு... வந்துடுச்சு.

ஸ்தனிஸ்லாஸ்: உள்ள போடு. கதவைச் சாத்து. சேவ்... பேரு... நீயே அடி.

இசபெல்லா: நீங்கதான் எழுதினீங்க. நீங்களே அடிங்க. இன்னும் நேரம் இருக்குது.

ஸ்தனிஸ்லாஸ்: ...சுத்துது. சிவப்பு லைட்டு எரியுது. இத்தனை நாள் இந்தச் சத்தமே வரலை.

இசபெல்லா: அது இப்ப எழுதுது. ...ஓக்கேங்குது.

ஸ்தனிஸ்லாஸ்: வேற ஒண்ணும் சொல்லலையே?

இசபெல்லா: வேற ஒண்ணும் சொல்லலைங்க. ஒரே ஒரு ஓக்கே.

மதலேனம்மாள்: இதுக்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டமா... போச்சா? கரண்டு போச்சு பாரு. இன்னைக்கு நேரத்துக்கு முன்னாடியே நிறுத்திட்டான். அசையாம உக்காருங்க, லாந்தர் ஏத்திக் கொண்டாறேன். குழம்பு வேற அடுப்புல...

இசபெல்லா: பாத்துப் போங்க அத்தை, கொடை விரிச்சிருக்குது.

ஸ்தனிஸ்லாஸ்: ...இப்ப அது எங்க இருக்கும்?

இசபெல்லா: எது?

ஸ்தனிஸ்லாஸ்: பஸ்.

இசபெல்லா: டிஸ்க்குலதாங்க. கரண்டு வந்தா எண்பதாம் வருசத்துல முழிக்கும். நாம தேதி சொல்லணும். அப்புறம் போகும், வரும்.

ஸ்தனிஸ்லாஸ்: வரும்.

இசபெல்லா: கண்ணை மூடினாலும் அந்தப் பச்சைப் புள்ளி தெரியுதுங்க. உங்களுக்கு?

ஸ்தனிஸ்லாஸ்: எனக்கும். ஓசூர்கிட்ட.

இசபெல்லா: எனக்குப் பொம்மிடி வந்துடுச்சு. ...நாளைக்கு நான் அந்த முகத்தைத் திருப்பிக் கொடுக்கறேன். நாலே வரிதான். அப்புறம் நேரா வரும்.

ஸ்தனிஸ்லாஸ்: வேணாம். முகம் அந்தப் பக்கமே இருக்கட்டும். வண்டி வந்து சேந்தா எனக்குப் போதும். கையை நீட்டு.

இசபெல்லா: எங்க இருக்கீங்க... ஆங். என்னங்க இது? தாளா?

ஸ்தனிஸ்லாஸ்: உன் தாள்தான். கையெழுத்துப் போட்டிருக்கேன். முழுப்பேரு, அப்பா பேரு, தேதி, எல்லாம் இருக்குது.

இசபெல்லா: எப்பங்க போட்டீங்க?

ஸ்தனிஸ்லாஸ்: நீ கொடுத்த அன்னைக்கு ராத்திரியே.

இசபெல்லா: அன்னைக்கேவா? அப்புறம் ஏங்க இத்தனை நாளா... நான் தெனமும் உங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து...

ஸ்தனிஸ்லாஸ்: பஸ்ஸைத் திரும்ப வர வச்சுட்டு அப்புறம் கொடுக்கலாம்னு சட்டைப் பையிலயே வச்சிருந்தேன். மெசின்தான் விடலை. சரி, நனையாம எடுத்துட்டுப் போ. திங்கக்கிழமை கம்பெனில கொடுக்கறப்ப முத்திரை ஏன் இல்லைன்னும் ஒரு வார்த்தை கேட்டு வச்சுக்க.

இசபெல்லா: கம்பெனில இந்தத் தாளைக் கேக்கவே இல்லைங்க. அங்க சேர யார் கையெழுத்தும் வேணாம். ஒரு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனப்ப, ஆபீஸ்ல உக்காந்து நானே டைப் அடிச்சேன்... எனக்குத்தான் உங்க கையெழுத்து வேணும்னு இருந்துச்சு.