மூஞ்சிய மூடிக்கினு பேசு

மயிலாப்பூர் குளத்தருகே பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும். அவனுக்கு நாற்பது வயது இருக்கும். மடியில் மனநல ஆஸ்பத்திரி ஃபைல். திடீரென்று, "அக்கா, இனிமே எங்கிட்ட மூஞ்சிய மூடிக்கினு பேசு" என்றான்.

"இன்னாடா ஒளர்ற? மெதுவா பேசு, எல்லாம் பாக்குறாங்க."

"டாக்டரு கம்ப்யூட்டர்ல டெஸ்ட் வெச்சாருல்ல? மூஞ்சி மட்டும் காட்டுனப்போ கோவமா சந்தோஷமான்னு கரெக்டா சொன்னேன். கொரல் மட்டும் கேட்டப்பவும் சொன்னேன். ரெண்டும் ஒண்ணா வந்தா கொழம்பிடுது. இந்த நோவுல சில பேருக்கு அப்டி ஆவுமாம்."

"அதுக்காவ, எம் பொண்ண பாக்க வந்த மாப்ள ஊட்டுக்காரங்க முன்னாடி பஜ்ஜித் தட்ட விசிறி அடிப்பியா? எழுந்து பூட்டாங்களே நைனா."

"நீ சிரிச்சுக்கினே 'வாடா, வந்து ஒக்காரு'ன்ன. ஆனா கொரலு 'உள்ள போடா'ன்ற மாரி இருந்துச்சு. எத நம்புறதுன்னு தெரில, பயந்துட்டேன். இப்போ பாப்பா எதுர்ல வரவே வெக்கமா கீதுக்கா."

ஒட்டுக் கேட்பது என் முகத்தில் தெரிந்துவிடுமோ என்று பயந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆழ்வார்பேட்டை சிக்னலில் பஸ் நின்றது. அக்கா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஒனக்கு கேட்டது சரிதான்டா. நீ அவங்க கண்ல படக்கூடாதுன்னுதான் நெனச்சேன். சிரிச்சது அவங்களுக்காவ."

அவன் காதைச் சாய்த்துக் கேட்டான்.

"இப்போ கொழப்பமே இல்லக்கா. நீ அழுவுற."